தண்ணீர் லாரிப் பாட்டில் வரும் குரல்

கண்ணு,

நாங்கள் சௌக்கியமா என்று நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அப்பா சௌக்கியம். நான் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து, உன் சி.டி.யை டி.வி. மேல் வைத்துவிட்டு, "ஆறாவது பாட்ட மட்டும் தனியா இருக்கும்போது கேளும்மா. வெக்கலாமா எடுத்துடலாமான்னு நீதான் சொல்லணும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டு பெங்களூர் பஸ்ஸுக்கு ஓடினாயே, அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோகிறது. நேற்று பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த பிறகுதான் வாசனை தெரிந்தது. நீ போன் செய்யும்போதெல்லாம் "இன்னும் கேக்கலடா, கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிடுகிறேன். பொய். நீ போன அன்றைக்கே கேட்டுவிட்டேன். அதன் பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், விஷயம் அப்படியே நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி. பாதியில் எழுந்து உலாத்தப் போகாதே. அந்தப் புத்தி உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது என்பதால் சொல்கிறேன்.

உன் பாட்டு லாரி சத்தத்தில் ஆரம்பிக்கிறது. மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு லாரி. எனக்கு அது நாகராஜின் தண்ணீர் லாரி என்று முதல் உறுமலிலேயே தெரிந்துவிட்டது. தெருமுனையில் திரும்பும்போது ஒரு தரம் இருமும், பின்னால் வரும்போது பீப் பீப் என்று கத்தும், அப்புறம் மோட்டார் ஓட ஆரம்பிக்கும். அந்த மோட்டாரின் வேகத்திலேயே உன் கிடார் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் மத்தூர்க்காரர்களின் பம்பை மேளம். அந்த இடம் நன்றாக இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுப்படியில் நின்றவள் கரண்டியோடு ஹாலுக்கு வந்துவிட்டேன். பிறகு நீ பாடுகிறாய்:

நீ வராத நாளெல்லாம் குடம் பாத்த நாளு
நீ வந்த நாளெல்லாம் குரல் போன நாளு

சிரித்துவிட்டேன். நம் தெருவைப் பற்றி இதைவிடச் சரியாக யார் சொல்லிவிட முடியும்? சிரித்து முடிப்பதற்குள் பாட்டுக்கு நடுவில் ஒரு பொம்பளை கத்துகிறாள். யாரடா இவள், இந்த வாய் பேசுகிறாள் என்று ஒரு நொடி நினைத்தேன். நான்தான்.

நம் குரல் வெளியிலிருந்து வந்தால் இப்படித்தான் கீச்சென்று இருக்குமா? அன்று நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாகராஜ் முழு லாரி என்று ஒப்புக்கொண்டு, தரைத்தொட்டி பாதி நிறைவதற்குள் குழாயைச் சுருட்டினான். லாரி காலி என்றான். எங்கள் கம்பெனியில் நான் பார்ப்பது இன்ஸ்பெக்‌ஷன் வேலை என்பது உனக்கே தெரியும். கார்களுக்குள் ஓடும் ஒயர் கட்டுகளை நிறம் பார்த்து, முடிச்சு பார்த்து, சரியில்லாததைச் சிவப்புக் கூடையில் தள்ளுகிறவள் நான். காலி என்று ஒருவன் வாயால் சொன்னால் ஒப்புக்கொள்ள முடியுமா? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரியின் பின்பக்க ஏணியில் ஏறி மூடியைத் திறந்து பார்த்துவிட்டேன். உள்ளே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது, அடுத்த தெருவுக்காக. அந்த ஏணியில் நின்றபடிதான் அத்தனை பேச்சும். எனக்குக் கணக்குச் சொல்லக் கன்னடம் வரும், கோபத்துக்குத் தெலுங்கு வரும், மானத்தை வாங்க மட்டும் தமிழ்தான் வரும். மூன்றையும் நீ பம்பைக்கு நடுவில் அடுக்கி வைத்திருக்கிறாய். அதோடு பாட்டு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். நியாயத்துக்குத்தானே கத்தினேன், ஊரே கேட்கட்டும் என்று விட்டிருப்பேன்.

ஆனால் பாட்டு அங்கே முடியவில்லை. லாரி போய்விடுகிறது. பம்பை நின்றுவிடுகிறது. குழாய் நுனியிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்கிறது. பக்கத்து வீட்டு கௌரம்மா, மகனை மக என்று சொல்லும் தன் கன்னடத் தமிழில், "மக இன்னும் அதே கம்பெனிதானா?" என்று கேட்கிறார். அதற்கு நான் சொல்கிறேன்: "ஆமாங்க, அதே சாஃப்ட்வேர் கம்பெனிதான். லீவே குடுக்க மாட்டேங்கறாங்க. ஒரு நாளு வந்தா மறுநாளே ஓடணும், மாசம் பொறந்தா சம்பளம் மட்டும் டான்னு வந்துடுது." அதன் பின் ஒரே ஒரு கிடார் கம்பியைத் தட்டிவிட்டு நீ பாட்டை முடித்துவிடுகிறாய். அந்தக் கம்பி அடங்கும் வரை நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். சாம்பார் தரையில் சொட்டியிருந்தது.

இந்த மாதக் கடைசியில் சி.டி. பிரதி எடுக்கப் போய்விடும் என்றாய். தையில் உனக்குக் கல்யாணம். அப்பாவின் சொந்தங்கள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வருவார்கள், என் அண்ணன்கள் பாரூரிலிருந்து குடும்பத்தோடு வருவார்கள். அத்தனை பேருக்கும் நான் சொல்லி வைத்திருப்பது நீ பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறாய் என்றுதான். அந்தப் பொய்யை என் வாயாலேயே ஊரறியச் சொல்ல வைக்கிற பாட்டு இது. கல்யாண வீட்டில் யாராவது ஓர் அண்ணன் மகன் இதை வாங்கிப் போட்டால் போதும். இப்போது சொல், நான் எப்படி ஓர் இடத்தில் உட்காருவேன்?

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். மாடியில் கைப்பிடிச் சுவரில் மெஷினை வைத்துக்கொண்டு லாரி சத்தம் பிடிக்கிறேன் என்றாய், சரி. கீழே நிற்கிறவள் மனுஷி இல்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள், கல்யாணம் ஆகப்போகிறவன் நீ. கவிதாவும் ஒரு நாள் கத்துவாள். எல்லோரும் கத்துவோம். அதைப் பிடித்துப் பாட்டில் போடுவதற்கு முன்னால் கேள். பாட்டு எழுதுகிறவன் வீட்டில் இருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டே திரிய முடியாது. நீ இப்போது கேட்டிருக்கிறாய் என்பது உண்மைதான். ஆனால் பாட்டைச் செய்து முடித்த பிறகு கேட்பது, ஒயரையெல்லாம் கட்டி முடித்த பிறகு நிறம் சரியா என்று கேட்கிற மாதிரி.

கோபம் இரண்டு நாள் நின்றது. பிறகு வேறு ஒன்று வந்தது. அந்த மெஷினை வைக்கும்போது நீ காதில் பெரிதாக ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தாயே, அப்படியென்றால் நான் கௌரம்மாவிடம் சொன்னதை நீ அப்போதே கேட்டுவிட்டாய். மாடியில் இருந்துகொண்டே, உனக்கு லீவு கிடைக்காத கதையைக் கேட்டிருக்கிறாய். உன் செருப்பு வாசலில் கிடந்தது. அதற்குப் பிறகுதான் கீழே இறங்கி வந்து சாப்பிட்டாய். அன்று மிளகு ரசம். "ரசம் சூப்பர்மா, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றாய். உன் முகத்தில் ஒரு மாறுதல் தெரிந்ததா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. நான் நாகராஜை ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தேன். நீ சண்டை போட்டிருக்கலாம். ரசத்தைப் புகழ்ந்திருக்க வேண்டாம்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்காவிட்டாலும் நான் சொல்ல வேண்டும். நீ இன்ஜினியரிங் முடித்து, வேலைக்குப் போய், ஒரு வருஷம்கூட முடியாமல் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாய். அந்த சமயம் நம் ஓசூர்த் தெரு எப்படி இருந்தது? விடிந்தால் முனையில் கம்பெனி வேன்கள் வரிசை கட்டும். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் போகும் பிள்ளைகள் ஈரத் தலையோடு ஏறுவார்கள். அவர்களைப் பெற்றவர்கள் கேட்டில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போவார்கள். நானும் அதே நேரத்துக்குத்தான் எங்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பேன். பஸ்ஸில் ஒருத்தி, மகன் எந்த வேனில் போகிறான் என்று கேட்டாள். அவன் பெங்களூரிலேயே ரூம் எடுத்துவிட்டான், சாஃப்ட்வேர் என்றேன். வாய் தவறி வந்ததில்லை. வேண்டுமென்றே சொன்னேன். சொன்னவுடன் நெஞ்சு லேசானது. அடுத்த முறை சொல்வது இன்னும் சுலபமாக இருந்தது. பொய் சொன்னால் அதற்குத் தீனி போட வேண்டும் அல்லவா? உனக்கு நான் சம்பள உயர்வு கொடுத்திருக்கிறேன். டீம் லீடர் ஆக்கியிருக்கிறேன். ஒரு தடவை அமெரிக்காவுக்கே அனுப்புவதாக இருந்து, எல்லோரும் என்ன வாங்கி வருவான் என்று கேட்க ஆரம்பித்ததும் பயந்துபோய், விசா கிடைக்கவில்லை என்று நானே நிறுத்திவிட்டேன். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியும். "எங்கக்கா போன்ல அமெரிக்கா எப்பன்னு கேக்காக, நான் என்னத்தச் சொல்ல?" என்று ஒரு நாள் கேட்டார். அவ்வளவுதான் அவர் எதிர்ப்பு.

உன் பாட்டு பிடிக்காமல் நான் இதைச் செய்தேன் என்று நினைத்துவிடாதே. பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன், அது உனக்குத் தெரியும். நீ முதன்முதலில் தமிழில் எழுதிய பாட்டுகளை நினைத்துப் பார். உன் பாட்டுக் குழுவில் பாஸ் கிடார் வாசிக்கும் பையனையும் கூட்டிக்கொண்டு வந்து, இதே ஹாலில் உட்கார்ந்து பாடினாய். எல்லாம் வயல், வரப்பு, நாற்று நடும் பெண்கள். பாரூர் வாய்க்கால்கூட ஒரு பாட்டில் ஓடியது. நடவு நடுகிற பெண்கள் உச்சி வெயிலில் உல்லாசமாகக் குலவை போட்டுப் பாடினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் அந்த வாய்க்கால் தண்ணீரில் கால் ஊறி வளர்ந்தவள். உச்சி வெயிலில் இடுப்பு விட்டுப் போய், எப்போது கரையேறுவோம் என்று இருக்கும். நீ வயலைப் பார்த்ததெல்லாம் மாமா வீட்டுக்குப் போகும் பஸ் ஜன்னலில். "ஏன் கண்ணு, நீ பொறந்ததுல இருந்து இந்தத் தொழிற்பேட்டையில இருக்கிற, உனக்கு எதுக்குடா அடுத்தவங்க சேறு?" என்று கேட்டேன். கேட்டது தப்பில்லை. அந்தப் பையன் முன்னால் விழுந்து விழுந்து சிரித்தது தப்பு. நீ கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் நீ என்னிடம் எதையும் பாடிக் காட்டவில்லை.

இந்த சி.டி.யில் ஒரு வயல்கூட இல்லை என்பதைக் கவனித்தேன். ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு வெயிலில் தூக்கம் வராத பாட்டு இருக்கிறது. அது அப்பாவேதான். வேறு ஊரிலிருந்து வந்து, வீட்டில் ஒரு தமிழ், கடையில் ஒரு தமிழ், கம்பெனியில் பாதி இங்கிலீஷ் பேசித் திரிகிறவன் பாட்டு இருக்கிறது. அதைக் கேட்கும்போது அப்பா டி.வி. சவுண்டைக் கூட்டினார். அவர் எதற்காவது சவுண்டைக் கூட்டி நான் பார்த்ததில்லை. பாட்டு முடிந்ததும், "இந்தப் பய எங்கூரு பேச்ச எப்பப் படிச்சான்?" என்று மட்டும் கேட்டார். முதல் பாட்டில் உன் குரல் கொஞ்சம் மூக்கால் வருகிறது, எட்டாவது பாட்டு தேவையில்லாமல் நீள்கிறது. மற்றபடி சிவப்புக் கூடையில் போட எனக்கு எதுவும் அகப்படவில்லை. இதை நான் சுலபமாகச் சொல்கிறவள் இல்லை.

நீ குழுவை விட்டு வந்த சமயத்தையும் சொல்ல வேண்டும். நால்வரும் சேர்ந்து ஒரு சி.டி. போட்டீர்கள். பெரும்பாலும் இங்கிலீஷ். அதில் ஒரு பாட்டு முழுக்க உன்னுடையது, சொல்லும் மெட்டும். அட்டையில் எல்லாப் பாட்டுக்கும் குழுவின் பெயர்தான் இருந்தது, உன் பெயர் தனியாக எங்கும் இல்லை. அதைக் கொண்டுவந்து சமையலறை மேடையில் எறிந்துவிட்டு, என் பாட்டும்மா, என் பேரே இல்லம்மா என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நான் பார்த்து அனுப்புகிற ஒயர் எத்தனை காருக்குள் ஓடுகிறது, எதிலாவது என் பெயர் இருக்கிறதா, நான் அழுகிறேனா என்றேன். சரியான அடி கொடுத்துவிட்டதாக அப்போது நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதமே குழுவை விட்டாய், தனியாகவே ஒரு ஆல்பம் செய்கிறேன் என்றாய். தனியாகவா, சோறு யார் போடுவது என்றுதான் அப்போதும் கேட்டேன்.

இதற்கு நடுவில் கல்யாணப் பத்திரிகை வேலை. அச்சகத்தில் முதல் நகல் கொடுத்துவிட்டார்கள். மணமகன் பெயருக்குக் கீழே பி.இ. என்று போட்டு, அதற்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறான். மாப்பிள்ளை எங்கே வேலை என்று சொன்னால் அதில் போட்டுவிடுவானாம், எல்லோரும் போடுகிறார்களாம். அப்பாவிடம் கேட்டேன். பி.இ. மட்டும் இருக்கட்டும், அது பொய்யில்லையே, அந்த வரியை எடுத்துவிடச் சொல் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நகலை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலி வரியில்தான் கண் போகிறது. நிச்சயத்தன்று கவிதாவின் அப்பா என்னிடம் வந்து பேசினார், உனக்குத் தெரியாது. மாப்பிள்ளை சாஃப்ட்வேரில் என்று ஆரம்பிக்க நான் வாயைத் திறப்பதற்குள், "தம்பி எல்லாத்தையும் சொல்லிட்டாருங்க. வருமானம் ஏறி எறங்கும்னு அவரே சொன்னாருங்க. மறைக்காம சொன்னாரே, அது போதும்னு குடுக்குறோம்" என்றார். பெண்ணைக் கொடுக்கிறவரிடம் நீ உண்மையைச் சொல்லிவிட்டாய். பெற்றவள் மட்டும் தெருத்தெருவாகப் பொய்யைச் சுமந்துகொண்டு திரிகிறேன். அன்று என் ஜிலேபியை எடுத்து அப்பா இலையில் வைத்துவிட்டேன்.

இன்று காலை லாரி வந்தது. இப்போதெல்லாம் நாகராஜ் என்னைப் பார்த்தால் தானே மூடியைத் திறந்து காட்டிவிடுகிறான். தொட்டி நிறைந்து லாரி போன பிறகு, கௌரம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அதே இடம். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானாகத்தான் போனேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. ஏணியில் ஏறி நாகராஜைக் கேட்டபோதுகூட அப்படி அடித்துக்கொள்ளவில்லை.

"கௌரம்மா, எம் பையன் கம்பெனியில இல்லீங்க. அத விட்டு வருசக்கணக்காச்சு. பாட்டு எழுதிப் பாடுறான். அதான் அவன் வேலை. இத்தன நாளு நாந்தான் உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

கௌரம்மா குடத்தைக் கீழே வைத்தார். "ஹௌதா?" என்றார். அப்படியா என்று கேட்கிறாராம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேலேந்து கிடார் சத்தம் வரும். சாஃப்ட்வேர்ல இதும் ஒரு கெலசம் போலன்னு நெனச்சேன்" என்றார். அவர் கேலி செய்யவில்லை. கம்ப்யூட்டர் வேலையில் பாட்டும் ஒரு வேலை என்றே இத்தனை நாள் நம்பியிருக்கிறார். சம்பளம் எப்படி என்று கேட்டார். ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது என்றேன். "எங்க வூட்டுக்காரர் ஆட்டோவும் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பேரனுக்குப் பெயர் வைக்கும்போது உன்னை வந்து பாடச் சொல்லி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருஷம் நான் வேலை உயர்வு கொடுத்து, விசா போட்டு, ரத்து செய்து, திண்டாடினேன் என்று வாசலில் நின்று சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்து நேராக இந்தக் கடிதத்தை எடுத்துவிட்டேன்.

உன் கேள்விக்குப் பதில்: அந்த இடத்தை எடுக்காதே. நாகராஜைத் திட்டியதும் இருக்கட்டும், கௌரம்மாவிடம் சொன்ன பொய்யும் இருக்கட்டும். அதை எடுத்துவிட்டால் பாட்டு வெறும் லாரிப் பாட்டாகிவிடும். சொன்னவள் நான், கேட்டவன் நீ. நடந்தது நடந்தபடி இருக்கட்டும். என் அண்ணன்கள் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். அவர்களிடம் சண்டை போட எனக்கு மூன்று மொழி இருக்கிறது.

எழுதுவதை நடுவில் நிறுத்திவிட்டு அச்சகத்துக்குப் போய்விட்டு வந்தேன். நகலில் அந்தக் காலி வரியில் என் கையால் "பாடகர், பாடலாசிரியர்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சகக்காரன் சினிமாவிலா என்று கேட்டான். இல்லை என்றேன். டி.வி.யிலா என்றான். அதுவும் இல்லை, ஓசூரில் என்றேன். அப்பாவிடம் சொன்னபோது டி.வி. சவுண்டைக் குறைத்தார். பிறகு, "எங்காளுக கல்யாணத்துல ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேப்பாக, பாடிருவானா?" என்று கேட்டார். பாடுவான் என்று உன்னைக் கேட்காமலே ஒப்புக்கொண்டுவிட்டேன். நீ என்னைக் கேட்காமல் என் குரலைப் பிடித்ததற்கு அது ஈடு.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, என் மனசை இன்னும் உறுத்துவது அதுதான். சி.டி.யோடு உள்ளே வைக்கப்போகும் தாளையும் மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். தனி ஆல்பம் என்கிறாய், அதில் பார்த்தால் ஒரு கல்யாணப் பந்திக்கு ஆள் இருக்கிறது. பம்பை வாசித்தவர்கள் பெயர், வயலின் வாசித்த பெண் பெயர், ஒலிப்பதிவு செய்த பையன் பெயர். ஒருவரையும் விடவில்லை, சந்தோஷம். உனக்கு நடந்ததை நீ யாருக்கும் செய்யவில்லை. ஆறாவது பாட்டுக்கு வந்தால், "லாரி: நாகராஜ்" என்று போட்டிருக்கிறாய். அதற்குக் கீழே, "குரல்: ஓசூர்ப் பெண்மணி ஒருவர்."

எனக்காகத்தான் அப்படிப் போட்டாய் என்று தெரியும். அம்மாவுக்கு அவமானமாகிவிடும், யார் என்று தெரியாமல் இருக்கட்டும் என்று மறைத்திருக்கிறாய். யாரிடமிருந்து கற்றுக்கொண்டாய் என்பதும் தெரியும். ஆனால் அரை லாரித் தண்ணீரை ஒளித்தவனுக்குப் பெயர் இருக்கிறது, ஏணியில் ஏறிக் கண்டுபிடித்தவளுக்கு இல்லை. ஒயரில் பெயர் இல்லாததற்கு நான் அழுகிறேனா என்று அன்று உன்னைக் கேட்டேனே, அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். அன்று சமையலறை மேடையில் நீ ஏன் அப்படிக் கத்தினாய் என்று இப்போதுதான் புரிகிறது.

அதனால் அந்த வரியை மாற்று. பெண்மணி ஒருவர் வேண்டாம். அம்மா என்றும் போடாதே, அம்மா எல்லா வீட்டிலும் இருக்கிறாள். பெயரைப் போடு, இனிஷியலோடு. பெயர் உனக்குத் தெரியும்.